பதக்கம் தந்தவர்களுக்குப் பாடம் உண்டா?

கரிசல் மண்ணில் மதிப்பெண் என்பது ஊர்ப் பெருமை. பிளஸ் 2 தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தைத் தன் பெயருக்கே பட்டா போட்டு வைத்திருந்த மாவட்டம் விருதுநகர். 2023-லும் 97.85 சதவீதத்தோடு முதலிடம் பிடித்தது. மழை பொய்த்த காடு, தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலை, அச்சகம், நூற்பாலை என்று உடம்பைத் தேய்த்துப் பிழைத்த தலைமுறை, பிள்ளைகளுக்கு எழுதி வைக்கக்கூடிய சொத்து படிப்பு ஒன்றுதான் என்று தீர்மானித்தது. ராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரியை உருவாக்கியது அந்தத் தீர்மானம்தான். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால், அந்த வெற்றிக்கான விலையில் ஒரு பங்கைப் பள்ளி மைதானம் கொடுத்தது. பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியட் கணக்கு வாத்தியார் கைக்குப் போய்விடும். விளையாட்டுப் பிள்ளை என்றால் படிப்பு ஏறாத பிள்ளை என்ற எண்ணம் ஆசிரியர் அறையிலும் வீட்டிலும் ஒருசேர வளர்ந்தது.

அந்த எண்ணம்தான் கல்லூரி வாசல் வரை கூடவே வருகிறது.

திருவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே செண்பகத்தோப்புக்குப் போகிற சாலை மலையடிவாரத்தில் முடிகிறது. அதற்கப்பால் சாம்பல் நிற அணில்களின் காடு. 2021 முதல் அது திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயில் ஆற்றை நோக்கிப் போகிற சாலையும் இப்படித்தான். தென்மாவட்டத்து ஓட்டக்காரப் பிள்ளைகளுக்கு இத்தகைய சாலைகளும், கண்மாய்க் கரைகளும், புல் முளைத்த பள்ளி மைதானங்களும்தான் ஆடுகளம். செயற்கை ஓடுதளத்தில் கால் வைக்கும் நாள் பலருக்கு மாவட்ட அளவிலோ மண்டல அளவிலோ போட்டிக்குப் போகும்போதுதான் வருகிறது. அந்தப் போட்டிகளின் ஓரத்தில் நின்று கவனித்துக்கொண்டிருப்பார்கள், கல்லூரிகளின் பயிற்சியாளர்கள். நன்றாக ஓடுகிற, உயரமாக இருக்கிற, கையில் பந்து நிற்கிற பிள்ளையின் பெற்றோரிடம் அவர்கள் சொல்லும் செய்தி ஏழை வீட்டுக்கு வரப்பிரசாதம்: கட்டணம் கிடையாது, ஹாஸ்டல் இலவசம், மெஸ் இலவசம், ஷூவும் உடையும் கல்லூரி தரும்.

தமிழ்நாட்டில் தனியார் பொறியியல் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளாக இப்படித்தான் விளையாட்டை வளர்த்திருக்கின்றன. சென்னைக்கு அருகே காட்டாங்குளத்தூரில் இருக்கும் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம் வாலிபாலில் நாடறிந்த பெயர். இதையெல்லாம் இகழ்ந்து பேசுவது நன்றிகெட்ட செயல். இந்தக் கல்லூரிகள் இடம் கொடுத்திருக்காவிட்டால், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பிள்ளைகள் பிளஸ் 2-வோடு காலணியைக் கழற்றி வைத்திருப்பார்கள். அரசும் தன் பங்குக்குப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்களை ஒதுக்கியிருக்கிறது. அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போன பிறகு அந்தப் பிள்ளை என்ன படித்தது, படித்து முடித்ததா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்காமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பரிமாற்றத்தில் இரு தரப்புக்கும் வேண்டியது வேறொன்று. கல்லூரிக்கு வேண்டியது பெயர். இங்கே பல்கலைக்கழக விளையாட்டுக்கு டிக்கெட் வசூலோ தொலைக்காட்சிப் பணமோ கிடையாது. ஆனால் மே, ஜூன் மாதங்களில் நாளிதழ் விளம்பரத்திலும் நெடுஞ்சாலைப் பலகையிலும் கழுத்தில் பதக்கத்தோடு ஒரு முகம் சிரித்தால், கட்டணம் கட்டிச் சேரும் ஆயிரம் பேரின் பெற்றோருக்கு அந்தக் கல்லூரி கண்ணில் படுகிறது. பணம் அந்த வழியாக வருகிறது. மாணவருக்கு வேண்டியது சான்றிதழ். பட்டச் சான்றிதழைச் சொல்லவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் இடம் பிடித்தால் கிடைக்கும் ‘ஃபார்ம் 3’. ரயில்வே, வருமான வரித் துறை, சுங்கத் துறை, வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குப் போகிற வழியில் அந்தக் காகிதத்துக்குப் பட்டத்தைவிட மதிப்பு அதிகம். இருபது வயதுப் பையன் இயந்திரவியல் பாடத்தைவிட ஃபார்ம் 3-ஐ நினைத்துக்கொண்டு தூங்கப் போகிறான் என்றால், அவன் வீட்டு நிலைமைக்கு அது சரியான கணக்குதான். கணக்கில் விடுபடுவது ஒன்றே ஒன்று: விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள் சில நூறு, சில ஆயிரம், ஆடுகிறவர்கள் லட்சக்கணக்கில். மீதிப் பேர் 25 வயதில் கையில் அரியர்களோடு ஊர் திரும்புகிறார்கள்.

அந்த 25 என்ற வயதும் சும்மா சொன்னதில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் போட்டிகளில் ஆட அதுதான் வயது வரம்பு. அதனால் நல்ல ஆட்டக்காரர் ஒரு பட்டம் முடித்ததும் இன்னொன்றில், அதுவும் முடிந்தால் வேறொன்றில் சேர்க்கப்படுகிறார். எந்தப் பாடம் என்பது அங்கே முக்கியமில்லை; அணியில் இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கிறாரா என்பதுதான் முக்கியம். வாலிபாலில் உயரம் பார்த்து எடுத்த பிள்ளைக்கு எந்தப் படிப்பில் நாட்டம் என்று கேட்ட கல்லூரிகளும் இருக்கத்தான் செய்கின்றன. அவை விதியாக மாறவில்லை.

வட இந்தியாவில் இந்தப் போட்டி இன்னும் உக்கிரமானது. 1956–57 முதல் நாட்டின் சிறந்த விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை வழங்கப்படுகிறது. அமிர்தசரஸின் குருநானக் தேவ் பல்கலைக்கழகம் இருபது முறைக்கும் மேல் அதை வென்றது. பாட்டியாலா, சண்டிகர் நகரங்களின் பழைய பல்கலைக்கழகங்களும் மாறி மாறி வென்றன. எல்லாம் அரசுப் பல்கலைக்கழகங்கள். 2024-ம் ஆண்டுக்கான கோப்பை சண்டிகர் பல்கலைக்கழகம் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. இரண்டாம் இடம் லவ்லி புரொஃபஷனல் பல்கலைக்கழகம் என்ற இன்னொரு தனியாருக்கு. டோக்கியோ ஒலிம்பிக்கில் நீரஜ் சோப்ரா ஈட்டியெறிந்து தங்கம் வென்ற மறுகணமே, அவர் எங்கள் மாணவர் என்று லவ்லி பல்கலைக்கழகம் பெருமையோடு அறிவித்தது. உண்மைதான், அங்கே அவர் பெயர் பதிவாகியிருந்தது. பாட்டியாலா, ஐரோப்பா என்று பயிற்சி முகாம்களில் ஆண்டைக் கழிக்கும் உலகத்தர வீரருக்கும் பல்கலைக்கழக வகுப்பறைக்கும் என்ன உறவு இருக்க முடியும் என்ற கேள்வி மட்டும் விளம்பரத்தில் இடம்பெறவில்லை.

நீரஜுக்கு அதனால் நட்டமில்லை. அவர் வாழ்க்கை ஈட்டியிலேயே அமைந்துவிட்டது. நட்டம், அவருடைய படத்தைப் பார்த்து அதே கல்லூரியில் சேர்ந்து மாநிலப் போட்டியில் ஆறாவது இடம் வரும் பிள்ளைக்கு.

பல்கலைக்கழக விளையாட்டில் பணம் பெருகினால் எங்கே போய் நிற்கும் என்று பார்க்க அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே கல்லூரிக் கால்பந்து, அதாவது அவர்கள் கையில் பிடித்து ஓடும் கால்பந்து, ஒரு தொழில்துறை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் உட்காரலாம். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் பயிற்சியாளரை ஒப்பந்தம் முடியும் முன்பே நீக்கியது. அதற்காக அவருக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை ஏறக்குறைய 7.6 கோடி டாலர். அவ்வளவு பணம் புரண்ட காலத்தில் ஆடிய மாணவர்களுக்கு ‘நீங்கள் அமெச்சூர்’ என்று சொல்லிச் சம்பளம் மறுக்கப்பட்டது. பல ஆண்டு வழக்குகளுக்குப் பிறகு 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒரு சமரச ஒப்பந்தத்துக்கு இசைவு தந்தார். முன்னாள், இந்நாள் மாணவ வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் நிலுவை; இனிமேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதலாண்டில் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்து தரலாம். உழைத்தவருக்குக் கூலி கிடைத்தது நியாயம். ஆனால் அந்த மாணவர் இப்போது மாணவரா, ஊழியரா என்ற குழப்பம் அங்கே தீரவில்லை.

பணத்தைவிட மோசமான கதை வட கரோலினாவில் நடந்தது. சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம் அமெரிக்காவின் மதிப்புமிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒன்று. மைக்கேல் ஜோர்டன் கூடைப்பந்து ஆடிய இடம். 1993 முதல் 2011 வரை பதினெட்டு ஆண்டுகள் அங்கே ஒரு துறையில் பெயருக்கு வகுப்புகள் நடந்தன. ஆசிரியர் வரமாட்டார், வகுப்பு கூடாது. ஒரே ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் போதும், அலுவலகப் பணியாளர் நல்ல மதிப்பெண் போட்டுவிடுவார். 2014-ல் வெளியான விசாரணை அறிக்கை, அதனால் பயன்பெற்ற மாணவர்கள் 3,100 பேர் என்றும் அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் விளையாட்டு அணியினர் என்றும் சொன்னது. படிக்கவே சிரமப்படும் நிலையில் இருந்த வீரர்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்த மேரி வில்லிங்ஹாம் என்ற பெண்மணி வெளியே சொன்னதால்தான் விஷயம் பெரிதானது. கடைசியில் 2017-ல் தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு பல்கலைக்கழகத்துக்குத் தண்டனை எதுவும் இல்லை என்று கைவிரித்தது. போலி வகுப்பு விளையாட்டு வீரருக்கு மட்டுமல்லாமல் எல்லா மாணவருக்கும் திறந்திருந்தது, ஆகவே அது தங்கள் விதியை மீறவில்லை என்பது வாதம். பதினெட்டு ஆண்டுகளில் கல்வி என்ற பெயரில் ஏமாற்றப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தத் தீர்ப்பில் ஒரு வரி ஆறுதல்கூட இல்லை.

மறு கோடிக்குப் போன பல்கலைக்கழகமும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் கால்பந்து வல்லரசு. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹெய்ஸ்மன் கோப்பையை 1935-ல் முதன்முதலில் வாங்கியவர் அதன் மாணவர் ஜே பெர்வேங்கர். நான்கே ஆண்டுகளில், 1939-ல், பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் கால்பந்தையே நிறுத்திவிட்டார். பல்கலைக்கழகத்தின் வேலை இதுவல்ல என்றார். ஆளற்றுப்போன அந்த மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்குக் கீழேதான் 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மி உலகின் முதல் அணு உலையை இயக்கிக் காட்டினார். மைதானத்தை ஆய்வகம் வென்றது என்று பலர் இதை ரசித்துச் சொல்வார்கள். அந்த ரசனை விருதுநகர் மாவட்டத்துக்கு உதவாது. இங்கே மைதானம் ஏற்கெனவே தோற்றுக்கிடக்கிறது. சிகாகோவும் முப்பது ஆண்டுகள் கழித்து, சிறிய அளவில், கால்பந்தைத் திரும்பக் கொண்டுவந்தது.

அமெரிக்காவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று. அத்தனை பணத்துக்கும் ஊழலுக்கும் நடுவில் அவர்கள் ஒரு கணக்கை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு அணியிலும் எத்தனை பேர் படிப்பில் முன்னேறுகிறார்கள், எத்தனை பேர் பட்டம் முடிக்கிறார்கள் என்பது ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறது. படிப்பு முன்னேற்றத்துக்கான புள்ளி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அணிக்குத் தடை. 2011-ல் தேசியக் கூடைப்பந்து சாம்பியனான கனெக்டிகட் பல்கலைக்கழக ஆண்கள் அணியை, அந்தப் புள்ளி குறைந்ததற்காக 2013 தேசியப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. அடுத்த ஆண்டு தடை நீங்கி வந்த அணி மீண்டும் சாம்பியன் ஆனது. படிப்பைக் கட்டாயமாக்கினால் ஆட்டம் கெட்டுவிடும் என்பவர்கள் இந்த ஒரு அணியின் கதையைப் படிக்க வேண்டும்.

இந்தியாவில் அந்தக் கணக்கு இல்லை. கல்லூரிகளைத் தரம் பார்க்கும் ‘நாக்’ அமைப்பின் அளவுகோல்களில், மாணவர்கள் விளையாட்டிலும் கலையிலும் வென்ற பதக்கங்களின் எண்ணிக்கைக்கு இடம் உண்டு. பதக்கம் வென்ற அந்த மாணவர் பட்டம் முடித்தாரா என்று தனியாகக் கேட்கும் அளவுகோல் அதில் இல்லை. ஆசாத் கோப்பையின் புள்ளிகளும் பதக்கத்தை வைத்துத்தான். எதை எண்ணுகிறோமோ அதுதான் விளையும். பதக்கத்தை மட்டும் எண்ணினால் கல்லூரி பதக்கத்தைத்தான் விளைவிக்கும். அதற்காக அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

சரி, விளையாட்டே ஒரு கல்விதானே, எதற்குத் தேர்வும் பட்டமும் என்று கேட்பவர்கள் உண்டு. நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை விட்ட குகேஷ் 18 வயதில், 2024 டிசம்பரில், சிங்கப்பூரில் சதுரங்க உலகச் சாம்பியன் ஆகவில்லையா என்றும் கேட்பார்கள். ஆனார். படித்த பெற்றோரும், முழுநேரமும் அவர் பின்னால் நின்ற குடும்பமும் அவருக்கு வாய்த்தன. முப்பது வயதைக் கடந்தும் ஆடக்கூடிய ஆட்டமும் அவருக்கு வாய்த்தது. கபடி ஆடும் பையனின் முழங்காலுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. புரோ கபடி ஏலத்தில் பவன் செராவத் 2023-ல் இரண்டரைக் கோடிக்கு மேல் போனார் என்ற செய்தி ஊர்ப் பையன்கள் எல்லாருக்கும் தெரியும். ஏலத்தில் பெயர் வாசிக்கப்படாமலே போனவர்களைப் பற்றி யாரும் செய்தி எழுதுவதில்லை.

படிப்பும் ஆட்டமும் சேர்ந்து போன ஆட்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் இந்தியக் கிரிக்கெட் அணிக்கே தலைமை தாங்கினார்கள். அஸ்வின் எஸ்.எஸ்.என். கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படித்தவர். டேபிள் டென்னிஸில் உலகத் தரத்துக்கு உயர்ந்த சத்தியனும் பொறியியல் பட்டதாரி. இந்தப் பெயர்களைச் சொல்லும்போதே ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இவர்கள் சென்னைப் பிள்ளைகள். வீட்டில் படிப்புச் சூழல் இருந்தவர்கள். தவறவிட்ட பாடத்தைப் பக்கத்து வீட்டிலோ டியூஷனிலோ பிடித்துக்கொள்ள முடிந்தவர்கள். செண்பகத்தோப்புச் சாலையில் ஓடும் பிள்ளைக்கு அது கிடையாது. அந்தப் பிள்ளைக்குக் கல்லூரி மட்டும்தான் துணை.

அப்படி ஒரு கல்லூரி துணை நின்றதற்கு மதுரையிலேயே சான்று இருக்கிறது. சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி தாய் தகப்பனைச் சிறுவயதில் இழந்தவர். கூலி வேலை பார்த்த பாட்டிதான் அவரையும் தங்கையையும் வளர்த்தார். பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடிய அவரைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டெடுத்தார். லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழி செய்தார். அந்தப் பெண் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ரயில்வேயில் வேலையும் பெற்றார். ஒரு பயிற்சியாளரின் கண், ஒரு கல்லூரியின் இடம், ஒரு பாட்டியின் பிடிவாதம் மூன்றும் ஒன்று சேர்ந்ததால் நடந்தது இது. மூன்றில் ஒன்று தவறினாலும் நடந்திருக்காது. இவ்வளவு தற்செயலை நம்பி ஒரு மாநிலம் தன் பிள்ளைகளை விட்டுவைக்கக் கூடாது.

பிரச்சினையின் முடிச்சு நாட்காட்டியில் இருக்கிறது. தென்மண்டல, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகள் பெரும்பாலும் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வருகின்றன. செமஸ்டர் தேர்வு நவம்பர், டிசம்பரில். போட்டிக்கு முன் முகாம், முகாமுக்கு முன் அணித் தேர்வுப் போட்டி. வாரக்கணக்கில் வகுப்பில் இருக்க வழியில்லை. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் அட்டென்டன்ஸ் வேண்டும். விளையாட்டுப் போட்டிக்குப் போனவர் சான்றிதழ் காட்டினால் 65 சதவீதம் வரை பொறுத்துக்கொள்வார்கள். மனிதாபிமானம் உள்ள விதிதான். ஆனால் அது வருகைப் பதிவேட்டைத்தான் சரிசெய்கிறது. போன வாரம் நடந்த தெர்மோடைனமிக்ஸ் பாடத்தை அந்தப் பையனுக்கு யார் சொல்லித் தருவது? ‘ஓ.டி.’ போட்டுக் கொடுத்ததோடு கல்லூரியின் கடமை முடிந்துவிடுகிறது. பாடம் புரியாமல் தேர்வு எழுதுகிறார், அரியர் விழுகிறது, அடுத்த செமஸ்டரில் அது இரண்டாகிறது. பிறகு அவரே தன்னைப் படிப்பு ஏறாத பிள்ளை என்று நம்பத் தொடங்குகிறார். பள்ளியின் ஆசிரியர் அறையில் பிறந்த சொல் இருபது வயதில் அவர் வாயிலிருந்தே வருகிறது.

இதற்கு வழியே இல்லையா? திருவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் நிறுவனம், காது கேளாத, வாய் பேச முடியாத மாணவர்களுக்கென்று தனியாகப் பொறியியல் வகுப்பு நடத்திவருகிறது. அவர்களுக்கு ஏற்ற முறையில் பாடம் சொல்லும் ஏற்பாட்டோடுதான் அது நடக்கிறது. அதே பட்டம், அதே பாடம். கற்பிக்கும் விதம் மட்டும் வேறு. மாணவரின் நிலைக்கு ஏற்ப வகுப்பை மாற்ற முடியும் என்பதற்கு இந்த மண்ணிலேயே இப்படியொரு முன்மாதிரி இருக்கும்போது, நவம்பரில் ஊரில் இல்லாத ஓட்டக்காரருக்கு ஜனவரியில் அதே பாடத்தை நடத்த முடியாது என்று எந்தக் கல்லூரியும் சொல்ல முடியாது. தவறிய தேர்வைப் போட்டி முடிந்த ஒரு மாதத்தில் தனியாக நடத்துவது, ஐந்து பாடங்களுக்குப் பதில் அந்தப் பருவத்தில் மூன்று பாடங்கள் எடுத்து நான்காண்டுப் படிப்பை ஐந்தாண்டில் முடிக்க விடுவது, அந்த ஐந்தாம் ஆண்டுக்கும் ஹாஸ்டலும் மெஸ்ஸும் தருவது: இவற்றுக்குச் சட்டத் தடை பெரிதாக இல்லை. 2021-ல் தொடங்கிய கல்விப் புள்ளி வங்கி, படித்த பாடத்தின் மதிப்பைச் சேர்த்துவைத்துப் பிறகு தொடர வழி செய்கிறது. மத்திய அமைச்சரவை 2025 ஜூலை 1 அன்று ஏற்ற புதிய தேசிய விளையாட்டுக் கொள்கையும் விளையாட்டையும் கல்வியையும் இணைப்பது பற்றிப் பேசுகிறது. காகிதத்தில் எல்லாம் தயார். காட்டாங்குளத்தூரிலும் கிருஷ்ணன்கோவிலிலும் கால அட்டவணை போடுகிறவர் மேசைக்கு அது வந்து சேரவேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி. 2024-ல் இன்னொரு வழியைத் தொடங்கியது. ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் விளையாட்டுத் திறனாளருக்கு இரண்டு கூடுதல் இடங்கள், அதில் ஒன்று பெண்களுக்கு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறியிருக்க வேண்டும். நல்ல முயற்சி; நாட்டின் ஐ.ஐ.டி.களில் இதுவே முதல். ஆனால் இது இரண்டிலும் சிறந்து வரக்கூடிய மிகச் சிலருக்கானது. கோவில்பட்டி ஹாக்கி மைதானத்திலிருந்து இந்திய அணிக்குப் போன மாரீஸ்வரன் சக்திவேல் போன்றோரின் வழி வேறு. அவர்களைப் போல ஆடத் தொடங்கி, இந்திய அணி வரை போகாமல் நடுவழியில் நிற்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் சாதாரணக் கல்லூரியின் சாதாரண வகுப்பு மாற வேண்டும்.

பதக்கத்தையே எல்லாமாக ஆக்கினால் வரும் வேறு சில கேடுகளையும் சொல்லியாக வேண்டும். பட்டமும் வேலையும் திருமணமும் ஒரே ஒரு ஓட்டத்தின் முடிவில் தொங்கும்போது, ஊசியும் மாத்திரையும் உள்ளே வருகின்றன. 2024-ல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் கணக்குப்படி இந்தியாவில் எடுத்த 7,113 மாதிரிகளில் 260-ல் ஊக்கமருந்து இருந்தது. ஐயாயிரத்துக்கு மேல் சோதித்த நாடுகளில் இந்தியாவின் விகிதம்தான் மிக அதிகம். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் சோதனை அதிகாரிகள் வந்த செய்தி பரவியதும் நூறு மீட்டர் இறுதிப் போட்டியில் ஒரே ஒருவர் மட்டும் ஓடினார். அந்த மற்ற ஓட்டக்காரர்களைத் திட்டுவது எளிது. தோற்றால் திரும்பிப் போக அவர்களுக்கு ஒரு படிப்பு இருந்திருந்தால் என்று யோசிப்பதுதான் பயனுள்ளது.

நிர்வாகத்தின் அலட்சியமும் சேர்ந்துகொள்கிறது. 2025 ஜூலையில் ஜெர்மனியில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுக்கு இந்திய பேட்மிண்டன் அணியில் 12 பேர் போனார்கள். பெயர்ப் பட்டியலைச் சரியாகக் கொடுக்காத அதிகாரிகளால் ஆறு பேர் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் உட்கார்ந்தார்கள். மற்ற ஆறு பேர் வெண்கலம் வென்றார்கள். ஒரு தேர்வை விட்டுவிட்டு, ஒரு செமஸ்டரைப் பணயம் வைத்துப் போன மாணவருக்கு நாடு செய்த மரியாதை இது. படிப்பையும் மதிக்காமல் ஆட்டத்தையும் மதிக்காமல் நடத்துகிற இடத்தில் இரண்டுக்கும் சமநிலை தேடுவது எப்படி?

தமிழ்நாடு அரசுக்கு இதில் கையில் ஒரு பிடி இருக்கிறது. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவில் தனிநபர் தங்கத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் வழியாகச் சிறந்த வீரர்களுக்கு ஆண்டுதோறும் லட்சங்களில் உதவி தருகிறது. இந்தப் பணம் தேவை, குறைக்கக் கூடாது. கூடவே ஒரு நிபந்தனை போடலாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் மாணவர்களைச் சேர்க்கும் ஒவ்வொரு கல்லூரியும், அப்படிச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள், காயம்பட்ட எத்தனை பேருக்கு இலவச இடம் தொடர்ந்தது என்ற மூன்று எண்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வெளியிடாத கல்லூரியின் அணிக்கு அரசுப் போட்டியில் இடமில்லை. ஒரு தாளில் அடங்கும் கணக்கு இது. இதைக் கேட்கும் பெரும் உரிமை விருதுநகர் மாவட்டத்துக்கு இருக்கிறது. தேர்ச்சி விகிதத்தை ஒரு சதவீதம் விடாமல் எண்ணிப் பழகிய ஊர்கள் இவை.

பெற்றோர் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிளஸ் 2 முடிவு வந்து பயிற்சியாளர் வீட்டுக்கு வரும்போது நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்கலாம். சார், எந்தப் பாடத்தில் சேர்க்கிறீர்கள், அது பிள்ளைக்குப் பிடித்ததா? போட்டிக்குப் போகும் வாரங்களின் பாடத்தை யார், எப்போது நடத்துவார்கள்? கால் உடைந்தால் மீதிப் படிப்புக்குக் கட்டணம் யார் கட்டுவது? போன வருடம் சேர்த்த பிள்ளைகளில் இரண்டு பேரின் போன் நம்பர் தருகிறீர்களா? நல்ல கல்லூரியின் பயிற்சியாளர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். பதிலைக் கல்லூரி முத்திரையோடு எழுத்தில் வாங்கித் தருவார். தரத் தயங்கினால், விளையாட்டுப் பிரிவில் 500 இடங்கள் உள்ள பொறியியல் கலந்தாய்வுக்கோ, பக்கத்து ஊர் அரசுக் கல்லூரிக்கோ விண்ணப்பம் போடலாம். அந்தக் கடைசித் தேதியை நினைவில் வைத்திருந்து பிள்ளையின் வீட்டுக்குப் போய்ச் சொல்லும் வேலையைப் பள்ளியின் பி.இ.டி. ஆசிரியருக்குத் தலைமையாசிரியர் இந்த ஆண்டே ஒப்படைக்கலாம்.